எழுதின ஆள் எங்கே

அவள் பெயரை நான் இதுவரை இரண்டே முறை காகிதத்தில் எழுதியிருக்கிறேன். இரண்டும் எந்தெந்தக் காகிதம் என்று பின்னால் சொல்கிறேன். மூன்றாம் முறை எழுதுவதாக இல்லை.

ஹப்சிகுடா நிறுத்தத்தில் சாயங்காலம் நாச்சாரம் பஸ் வந்து நிற்கும். அதன் நெற்றியில் ஊர்ப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அவள் அதே பஸ்ஸில் எட்டு வருஷமாகப் போகிறவள். கண்டக்டருக்கு அவளையும் தெரியும், அவளுடைய டிபன் பையையும் தெரியும். இருந்தாலும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "நாச்சாரம் போகுமா?" என்று தெலுங்கில் கேட்பாள். அவர் தலையாட்டியதும் ஏறுவாள். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவிடம் அதையே மறுபடி கேட்பாள். பிறகு இன்னொருவரிடம் உருதுவில் கேட்பாள். மூன்று பேரும் ஆமாம் என்ற பிறகுதான் உட்காருவாள்.

"ஏனுங்க்கா, போர்டுலதான் எழுதியிருக்குதுங்களே?" என்று முதல் வாரத்திலேயே கேட்டேன்.

"எழுதியிருக்கு. எழுதுன ஆளு எங்க? டிப்போவுல இருக்கான். ஓட்டுத ஆளு இங்கன இருக்கான். யாரக் கேக்கணும்னு நீயே சொல்லுட்டி."

அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்து நாச்சாரத்தில் வீடு பார்த்துத் தங்கிவிட்டவர். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். வீட்டுத் தமிழ் அப்படியே இருந்தது, நடுநடுவே வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'வும் ஆமாம் என்பதற்கு 'ஹவ்'வும் வந்து விழும். நான் கோபிசெட்டிபாளையத்துக்காரி. நகரமே கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்து அலைந்த காலத்தில் ஆராய்ச்சி மாணவியாக அங்கே போய்ச் சேர்ந்தேன். விடுதியில் என் அறைப் பெண்கள் காலையில் கம்பெனி பஸ் ஏறி மாதாப்பூர் போவார்கள். நான் நடந்து போய்ப் புற்றுநோய்ச் செல்களுக்குத் தீனி போடுவேன். அந்த ஆய்வகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், அதனால் நாங்கள் ரொம்ப சிநேகிதம் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அவள் ஒப்பந்தத்தில் இருந்த டெக்னிகல் அசிஸ்டென்ட், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள்.

அவளுடைய சந்தேகத்துக்கு நேரம் காலம் கிடையாது. தயிரை மோந்து பார்ப்பாள். கத்தரிக்காயைக் காம்புவரை திருப்பிப் பார்ப்பாள். ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர் என்று எழுதின பாட்டிலையும் திறந்து மோந்து பார்ப்பாள். தண்ணீரில் என்ன வாசனை வரும் என்று கேட்டால், "வரக் கூடாதுல்லா, அதத்தான் பாக்குதேன்" என்பாள். பிறர் கலந்து வைத்த எந்தக் கரைசலையும் தொடமாட்டாள். பொடியை நிறுத்து, கலந்து, பாட்டிலில் டேப் ஒட்டி, என்ன பொருள், எத்தனை கிராம், என்ன தேதி என்று எழுதி, கீழே முழுப் பெயரும் கையெழுத்தும் போடுவாள். இதற்காகவே மணிக்கட்டில் டேப் துண்டுகளை வரிசையாக ஒட்டிக்கொண்டு திரிவாள். யாராவது தங்கள் பாட்டிலை நீட்டினால் ஒரே கேள்விதான்.

"எழுதுன ஆளு எங்க?"

எழுதின ஆள் எதிரே நின்றால் போதும், மறுபேச்சு இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்த சாம்பார் பொடியைக் கொண்டுபோனேன். மோந்து பார்க்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். "அரைச்ச ஆளு யாரு?" என்றாள். "எங்க அம்மாங்க்கா." "அப்பச் சரி." மூக்குக்குக்கூடக் கொண்டுபோகாமல் குழம்பில் போட்டுவிட்டாள். அன்றைக்கு இதை ஒரு வேடிக்கையாக மட்டும்தான் பார்த்தேன்.

இன்னொரு தடவை வேறு ஊர் ஆய்வகத்திலிருந்து எங்களுக்குச் செல்கள் வந்தன. மார்புப் புற்றுநோய்ச் செல்கள் என்று அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது. எங்கள் இன்குபேட்டரில் வைக்க அவள் விடவில்லை. மூலையில் ஒரு பழைய பெட்டியில் தனியாக வைத்தாள். ஆய்வகத்தை நடத்தும் சார் முதல் எல்லோருக்கும் எரிச்சல். பத்தாம் நாள் அதில் பூஞ்சை பூத்தது. எங்கள் செல்களோடு வைத்திருந்தால் மொத்தமும் போயிருக்கும். 'அன்றைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. பிளாஸ்க்கைக் கழுவக் கொண்டுபோனாள், அவ்வளவுதான். நானாக இருந்தால் ஒரு மாதம் சொல்லிக் காட்டியிருப்பேன்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அவளைப் பார்த்தால் உறுத்தும். எங்கள் ஊரில் 'தான் திருடி பிறரை நம்பாள்' என்பார்கள். எதையும் நம்பாத ஒருத்தியிடம் என்னவோ கள்ளம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பழமொழி யாருக்குப் பொருந்தப் போகிறது என்று அப்போது தெரியாது.

என் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உடம்பில் தோல், குடல், மார்பு என்று பல இடங்களில் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. பிடிப்பதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது, ரவிக்கைக் கொக்கி மாதிரி. அதன் ஒரு முனை வெளியே வந்து பக்கத்துச் செல்லின் கொக்கியோடு மாட்டிக்கொள்ளும். மறு முனை செல்லுக்குள் இருக்கும், அதை உள்ளே வேறு புரதங்கள் இழுத்துக் கட்டியிருக்கும். உள்முனைப் பக்கம் பாஸ்பேட் என்ற சின்ன வேதிக் குறி வந்து ஒட்டினால் அந்தக் கட்டு தளரலாம். தளர்ந்தால் செல் கூட்டத்தை விட்டுக் கிளம்பும். மார்பில் ஆரம்பித்த கட்டி எலும்பில் போய் முளைப்பது இப்படிக் கிளம்பிப் போகும் செல்களால்தான்.

நான் ஒரு மருந்தைச் செல்களின்மேல் ஊற்றி அரை மணி நேரம் வைப்பேன். கொக்கியின் உள்முனையில் பாஸ்பேட் குறி விழும், அது எக்ஸ்ரே பிலிமில் கறுப்புக் கோடாகத் தெரியும். செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து உருண்டை உருண்டையாக நிற்கும். ஒருமுறை இருமுறை அல்ல, ஒரு வருஷம் முழுக்க அப்படியே வந்தது. அந்த ஒரு குறியே பிடியை அவிழ்க்கப் போதும் என்பதுதான் என் கண்டுபிடிப்பு. கட்டுரை எழுதியாகிவிட்டது. அது வெளிவந்தால் பட்டம், பிறகு வெளிநாடு. ஊரில் அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களிடம், பொண்ணு கேன்சருக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்றே சொல்ல ஆரம்பித்திருந்தாள். நானும் அதைத் திருத்தவில்லை.

சார் தெலுங்குக்காரர், நல்ல மனுஷர். அவரிடம் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. எந்தச் சோதனையும் வேறொருவர் கையில் திரும்ப வராமல் கட்டுரை வெளியே போகாது. என் சோதனையைத் திரும்பச் செய்யும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார். உறைய வைத்திருந்த என் மருந்துக் குப்பிகளை நீட்டினேன்.

"உன் கரைசல் எனக்கு நக்கோ. பொடியக் குடு."

மூன்று முறை செய்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து என்னைக் கூப்பிட்டாள்.

"குறி விழுது பிள்ள. பிலிம்ல பளிச்சுன்னு இருக்கு. ஆனா செல்லு பிரியல."

குனிந்து பார்த்தேன். பாவு கல் பதித்த மாதிரி செல்கள் நெருக்கமாக நின்றன. எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"எனக்கு ஒரு வருஷமாப் பிரியுதுங்க்கா. உங்களுக்கு மட்டும் எப்படிங்க பிரியாமப் போகும்?"

"அதத்தான் நானும் கேக்குதேன். நல்ல எடமாப் பாத்து போட்டோ எடுத்தியா, கண்ண மூடிக்கிட்டு எடுத்தியா?"

"அக்கா!"

"கோவிக்காத. மருந்த எதுல கலந்த?"

"உப்புக் கரைசல்லதானுங்க. சீனியர் பண்ணி வெச்சிருந்த பெரிய பாட்டில்."

"எழுதுன ஆளு எங்க?"

அந்த சீனியர் அமீர்பேட்டையில் ஜாவா படித்து, ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு சாப்ட்வேர் கம்பெனிக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதைச் சொன்னேன். அவள் அலமாரியில் இருந்த அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் கொஞ்சம் கரைசல் மிச்சமிருந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அவள் எம்.எஸ்சி.யோடு நின்றவள், பி.எச்டி.க்கு இரண்டு தடவை முயன்று கிடைக்காதவள் என்பதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன? வேண்டுமென்றே கெடுக்கிறாள். டெல்லியில் இதே வேலையைச் செய்யும் ஒரு ஆய்வகத்துக்குத் தகவல் கொடுக்கிறாளோ? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என் பாட்டில்களில் கரைசலின் மட்டத்தைப் பென்சிலால் குறித்து வைத்தேன். அலமாரிக் கதவில் என் தலைமுடி ஒன்றை ஒட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவேன். அவள் டெலிபோனில் பேசினால் பக்கத்தில் போய்ப் பிப்பெட் துடைப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு வந்தபோது முடி அறுந்திருந்தது. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பெரிய பாட்டிலிலிருந்து ஒரு குப்பியில் ஊற்றி, மூடியில் டேப் சுற்றி, டிபன் பைக்குள் வைத்தாள்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. ஆனால் நேரில் கேட்கத் தைரியம் இல்லை. அடுத்த நாள் காலையில் தார்நாகாவில் ஒரு இன்டர்நெட் சென்டருக்குப் போய் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்தேன். இன்னார் பிறருடைய கரைசல்களில் கைவைக்கிறார், ஆய்வகப் பொருளைத் திருட்டுத்தனமாக வெளியே கொண்டுபோகிறார் என்று அவள் பெயரை முழுதாக எழுதினேன். கீழே என் பெயரைப் போடவில்லை. 'ஆய்வகத்தின் நலம் விரும்பி' என்று முடித்து, சாருடைய அறைக் கதவின் அடியில் தள்ளிவிட்டேன். அவள் பெயரை எழுதிய முதல் காகிதம் அதுதான்.

திங்கட்கிழமை சார் எங்கள் ஆறு பேரையும் அறைக்குள் கூப்பிட்டார். கடிதத்தை அவள் கையில் கொடுத்தார். அவள் நிதானமாகப் படித்தாள். பின்பக்கம் திருப்பினாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"பாட்டில்லேருந்து எடுத்து வெளியே கொண்டுபோனது உண்மையா?" என்று சார் தெலுங்கில் கேட்டார்.

"உண்மைதான் சார்."

"எதுக்கு?"

"இப்போ சொல்ல மாட்டேன் சார். முடிவு கைக்கு வரட்டும், சொல்றேன்" என்று அவளும் தெலுங்கிலேயே சொன்னாள்.

கேட்டைத் தாண்டி ஒரு சொட்டுக் கரைசலும் எழுதி வாங்காமல் போகக் கூடாது என்பது விதி. அதை அவளே ஒத்துக்கொண்ட பிறகு சாருக்கு வழியில்லை. அந்த மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிய இருந்தது, புதுப்பிக்க அவர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கான நேர்முகம் இருந்தது. எட்டு வருஷம் காத்திருந்து வந்த நேர்முகம் அது. வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் வயது வரம்பில் தளர்வு உண்டு. வெளியே போனால் அந்தக் கதவு அவளுக்கு மூடியது மூடியதுதான். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அவள் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள். யாரையும் பார்க்காமல், தமிழில் கேட்டாள்.

"எழுதுன ஆளு எங்க?"

அந்த அறையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் அறை மூலையில் இருந்த மின் தராசின் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அதன் எண்கள் பூஜ்யத்தில் நிற்காமல் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கடைசி நாள் தன் பாட்டில்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, எனக்கு ஒரு தலையசைப்போடு போனாள். மறுநாள் என் சோதனை நோட்டைத் திறந்தபோது உள்ளே ஒரு சீட்டு இருந்தது. நாச்சாரத்தில் ஒரு மருந்து கம்பெனியின் பரிசோதனைச் சீட்டு, முந்தின நாள் தேதி போட்டது. அங்கே அவளுடைய பள்ளித் தோழி வேலை பார்த்தாள். அந்தத் தோழிதான் குப்பியைப் பரிசோதித்துக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள். கரைசலில் கால்சியம் இல்லை, இ.டி.டி.ஏ. இருக்கிறது.

படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கொக்கியின் வெளிமுனை விறைப்பாக நிற்பதே கால்சியம் இருப்பதால்தான். இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கினால் கொக்கி தொளதொளத்துப் போய்த் தானே கழன்றுவிடும். தட்டிலிருந்து செல்களைக் கழற்றுவதற்காகவே எங்கள் ஆய்வகத்தில் அப்படி ஒரு கரைசல் கலந்து வைப்பார்கள். கால்சியம் போட்ட சாதாக் கரைசல் பாட்டிலின் கழுத்தில் வெள்ளை டேப், இதற்குச் சிவப்பு டேப், அதுதான் வழக்கம். பாட்டிலின் மேல் இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் எழுதுவார்கள். அலமாரிக்கு ஓடிப் பாட்டிலை எடுத்துக் கழுத்தைத் தடவினேன். பிசின் விரலில் ஒட்டியது. கிருமி போக ஆவியில் வேக வைத்தபோது எப்போதோ டேப் உரிந்து விழுந்திருக்கிறது. டேப் இல்லாத பாட்டிலைச் சாதா என்று எடுத்து, அதிலேயே ஒரு வருஷத்துக்கான மருந்தைக் கலந்து உறைய வைத்திருக்கிறேன். மருந்தில்லாத ஒப்பீட்டுத் தட்டுகளுக்கு மட்டும் அன்றன்றைக்கு வெள்ளை டேப் பாட்டிலிலிருந்து ஊற்றியிருக்கிறேன். மருந்து குறியைப் போட்டது நிஜம். செல்களைப் பிரித்தது அந்தக் குறி அல்ல, சீனியரின் பாட்டில்.

சீட்டின் பின்பக்கம் அவள் கையெழுத்தில் தமிழில் இரண்டு வரி இருந்தது. 'சந்தேகம்னு முன்னயே சொன்னா உம் பேரு கெட்டுப்போவும். அதான் பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.' கீழே முழுப் பெயர், கையெழுத்து, தேதி.

அவள் சந்தேகப்பட்டதெல்லாம் பாட்டிலையும் சீட்டையும் போர்டையும்தான். ஆளைச் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை. பாட்டிலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட்டு ஆளைச் சந்தேகப்பட்டவள் நான். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சீட்டை எடுத்துக்கொண்டு போய் சாரிடம் காட்டினேன். கட்டுரையை நிறுத்தினோம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தெலுங்கில், "அந்த லெட்டர் எழுதினவங்க ரொம்பப் பாவம் பண்ணிட்டாங்கம்மா" என்றார். அதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாரா, எனக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தாரா என்று இன்றுவரை தெரியாது. அவளுடைய இடத்துக்கு வேறு ஆள் போட உத்தரவு வந்துவிட்டது, நேர்முகப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள் என்றார். கரைசலைப் பற்றி எல்லாவற்றையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். கடிதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. இரண்டு வருஷம் பாடுபட்டு, அந்த ஒரு குறி விழுந்தால் மட்டும் செல்கள் பிரிந்துவிடுவதில்லை என்று ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டோம். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் அவள் பெயரைப் போட்டேன். இரண்டாவது காகிதம் அது.

அந்தக் கட்டுரை வந்த பிறகு ஒருநாள் நாச்சாரத்தில் கண்ணாடிச் சாமான் கடைக்குப் போக அதே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஹப்சிகுடா நிறுத்தத்தில் படியில் ஒரு கால் தெரிந்தது. கண்டக்டரிடம் கேட்டாள். முன்னால் இருந்த அம்மாவிடம் கேட்டாள். மூன்றாவதாகக் கேட்கத் திரும்பியபோது அந்த இருக்கையில் நான் இருந்தேன்.

"ஏட்டி, நீயா? இது நாச்சாரம் போவுமா?"

"போகுங்க்கா."

பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு லீவு போட்டு ஹப்சிகுடாவுக்கு ஏதோ வாங்க வந்தாளாம். தோழி இருந்த மருந்து கம்பெனியிலேயே மாத்திரை பரிசோதிக்கும் வேலையாம். சம்பளம் குறைச்சல், வீட்டுக்குப் பக்கம் என்றாள். மணிக்கட்டில் டேப் ஒட்டியிருந்த இடம் வெளுத்திருந்தது.

"பேப்பர் பாத்தேன். எம்பேரு போட்டிருக்கியே."

"சிவப்பு டேப் உரிஞ்சு போச்சுங்க்கா. நீங்க பாக்கலீன்னா மானம் போயிருக்கும்."

"ஹவ். அன்னைக்கே நெனச்சேன்." டிபன் பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள். "அந்த லெட்டரு எழுதுன ஆளு யாருன்னு அப்புறம் தெரிஞ்சுதா பிள்ள?"

எழுதின ஆள் நான், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். கையில் இருந்த டிக்கெட்டை மடித்தேன், பிரித்தேன்.

"தெரியலீங்க்கா" என்றேன்.

"அப்பச் சரி" என்றாள்.

நிறுத்தம் வந்தது. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போனாள். எட்டு வருஷம் ஏறின பஸ்ஸையே மூன்று பேரிடம் விசாரித்து ஏறுகிறவள், என்னிடம் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். நம்பியதால் அப்படி விட்டாளா, அல்லது அந்த அறையில் தமிழில் கேட்டபோதே பதில் தெரிந்துவிட்டதா? இரண்டாம் தடவை கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவளாக இருந்தால் அந்தச் சொல்லை மோந்து பார்த்துவிட்டுக் கீழே கொட்டியிருப்பாள்.